காலியாக விட்ட கட்டம்

நமது திருச்சபையின் ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் ஜெபமணி மாஸ்டர் மூன்று முறை வீடு தேடி வந்துவிட்டார். மூன்றாம் முறை வரும்போது, கட்டுரைக்கு முன்னால் போடுவதற்கான அறிமுகத்தைத் தாமே எழுதிக் கையோடு கொண்டுவந்தார். "தோட்டத்து மருத்துவிச்சியாகத் தம் வாழ்நாளைச் செலவிட்டு, ஒரு தாயையோ பிள்ளையையோ இழக்காத கைகளுக்குச் சொந்தக்காரர்" என்று அது தொடங்கியது. இது உண்மையல்ல, வெட்டுங்கள் என்றேன். "அம்மாவுக்கு எப்பவும் இந்தத் தாழ்மைதான்" என்று சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

அது உண்மையல்ல என்பதைச் சபை நடுவில் நின்று நான் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. அன்று மாஸ்டர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொன்னால் ஏறவில்லை, எழுதித் தருகிறேன். ஒரு எழுத்தையும் திருத்தாமல் போடட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. படித்தேன், சீருடை கொடுத்தார்கள், மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் முழங்கைவரை கழுவக் கற்றுக்கொண்டேன். பிறகு பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நாலு கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு மருந்து அறை, சுவரில் சாவி கொடுக்கிற ஒரு கடிகாரம். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முழு டாக்டர் அல்ல, தோட்ட வைத்திய உதவியாளர். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளருக்கு அவர்தான் டொக்டர் ஐயா. நானும் அப்படியே சொல்கிறேன்.

டொக்டர் ஐயா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவரிடம் இரண்டு பேனை இருந்தது. நீலம் கையெழுத்துக்கு, சிவப்பு சந்தேகத்துக்கு. காலையில் பிரசவப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்து "வாசியும்" என்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாதா? நான் எழுதியதை என் வாயாலேயே நான் கேட்க வேண்டுமாம். தாயின் பெயர், லயம், எத்தனையாவது பிள்ளை, வந்த நேரம், நீர்க்குடம் உடைந்த நேரம், பிள்ளை பிறந்த நேரம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். நான் நிரப்பிய பிறகுதான் திறப்பார்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு தாய் வாசற்படியில் கால் வைத்ததும் நான் கை கழுவ ஓடினேன்.

"பிள்ளை, எங்கை ஓடுறீர்? முதல் நேரத்தை எழுதும். பிறகு கையைக் கழுவும்."

"ஐயா, அவங்க வலியில துடிக்கிறாங்க..."

"அது எனக்கும் தெரியுது. கழுவின கையாலை பேனையைப் பிடிச்சால் திரும்பக் கழுவவேணும். எழுதிப்போட்டுக் கழுவினால் ஒருக்காக் காணும்."

எரிச்சல் வருகிற அளவுக்குச் சரியான பேச்சு. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களில் அப்படியே செய்தேன். அவர் கூட்டத்துக்கோ லீவிலோ போன நாட்களில் முதலில் கையைக் கழுவினேன், நேரத்தைப் பிறகு எழுதினேன். அதில் ஒரு வசதி இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு எழுதினால் வந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். காலை எட்டுக்கு வந்தவளைப் பத்து என்று எழுதினால், பிரசவம் இரண்டு மணித்தியாலம் குறையும். பதிவேட்டைப் பார்க்கிற மேலதிகாரிகள் "இந்த மிட்வைப் அம்மாவின் கை ராசியான கை" என்பார்கள். சொல்லியும் இருக்கிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வார்த்தைக்காகத்தான் எழுதினேன்.

எங்களால் முடியாத கேஸ் என்றால் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். வண்டி என்பது தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறிதான். தாயைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்து, மலைப்பாதையில் குலுக்கிக்கொண்டு போவார்கள். முதல் பிள்ளைக்காரிக்கு நீர்க்குடம் உடைந்து ஆறு மணித்தியாலத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால், யாரையும் கேட்காமல் துண்டு எழுத வேண்டும் என்பது டொக்டர் ஐயாவின் சட்டம். எனக்கோ ஒவ்வொரு துண்டும் கன்னத்தில் விழுந்த அறை. பதுளையில் இருக்கிற சின்ன வயது டாக்டர்கள் அந்தத் துண்டைப் பார்த்து, தோட்டத்து மருத்துவிச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்களே என்று எரிச்சல் வரும்.

இனி சபையின் பங்கு. வருடா வருடம் அறுப்பின் பண்டிகையில் ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்லுகிற நேரம் உண்டு. லீக்ஸும் கரட்டும் பூசணியும் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்கும். நான் வெள்ளைச் சேலையில் எழுந்து நிற்பேன். "இந்த வருடமும் இந்தக் கையில் ஒரு தாயோ பிள்ளையோ போகவில்லை. இது என் திறமை அல்ல, ஆண்டவருக்கே மகிமை" என்பேன். கோயில் முழுக்கத் தோத்திரம் என்று சொல்லும். மகிமையை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டு, தோத்திரத்தை நான் எடுத்துக்கொண்டு உட்காருவேன். இதை எத்தனை வருடம் செய்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், தை மாதத்திலிருந்து அறுப்பின் பண்டிகை வரும்வரை நான் ஒரு துண்டுகூட எழுதவில்லை. அத்தனை பிள்ளைகளும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தன. பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை விடியலில் கணேசன் தன் மனைவி ராஜேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேல்லயத்துக்காரர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவளுக்கு முதல் பிள்ளை. அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். பாதித் தூரத்தில் நீர்க்குடம் உடைந்துவிட்டது என்றார். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். ஆறு அடிக்கப் பத்து நிமிடம். டொக்டர் ஐயா லீவில் இருந்தார். பதிவேட்டை விரித்தேன், பெயரை எழுதினேன். வந்த நேரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

பத்து மணிக்கு லொறி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "பதுளைக்கு யாரும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தேன். பிள்ளையின் தலை இறங்கவில்லை. நாலு மணித்தியாலம்தானே ஆகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, "யாரும் இல்ல, நீங்க போங்க" என்றேன். பன்னிரண்டு மணிக்கு அந்த ஆறு மணித்தியாலமும் முடிந்தது. அப்போதும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லப்போகிற வசனம் வாயில் தயாராக இருந்தது: இந்த வருடம் ஒரு துண்டும் எழுதவில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதைவிட நாகரிகமாக எழுதப் பார்த்தேன், முடியவில்லை. காரணம் அவ்வளவு அற்பமானது.

ஒன்றரைக்குக் குழலை வயிற்றில் வைத்துக் கேட்டபோது பிள்ளையின் இதயத் துடிப்பு தளர்ந்திருந்தது. அப்புறம்தான் ஓடினேன். லொறியைத் தேயிலை ஸ்டோரிலிருந்து கூப்பிட ஆள் அனுப்பினேன், துண்டை எழுத உட்கார்ந்தேன். வந்த நேரம் என்ன என்று துண்டும் கேட்டது. பேனை கொஞ்சம் நின்றது. பன்னிரண்டரை என்று எழுதினேன். பதிவேட்டில் காலியாக இருந்த கட்டத்திலும் அதையே எழுதினேன். கை நடுங்கவில்லை. பழகின கைதானே.

பதுளையில் ஆபரேஷன் செய்தார்கள். ராஜேஸ்வரி பிழைத்தாள். ஆண் பிள்ளை, உயிரில்லை.

இறந்தது பதுளையில். ஆகவே என் கையில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று வழக்கமான வசனத்தைச் சொன்னேன். துண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

டொக்டர் ஐயா திங்கட்கிழமை வந்தார். பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

"வாசியும்."

வாசித்தேன். வந்த நேரம் பன்னிரண்டரை.

"திரும்ப வாசியும்."

திரும்ப வாசித்தேன். அவர் எழுந்து, முக்காலியில் ஏறி, கடிகாரத்தின் கதவைத் திறந்து சாவியைப் போட்டுப் பார்த்தார். தம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். மெதுவாக இறங்கினார்.

"மணிக்கூட்டிலை பிழை ஒண்டும் இல்லை" என்றார்.

சிவப்புப் பேனையை எடுத்து அந்தக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். நீலப் பேனையால் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அதன்பிறகு அவர் ஓய்வு பெற்றுக் கொழும்புக்குப் போகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தப் புள்ளிக்குப் பதிலாக மேசையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அங்கேயே உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். இப்படி நினைப்பதும் பழியை அவர் தலையில் போடுகிற வேலைதான் என்று தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

பிள்ளை இறந்ததால் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கணேசனை நிற்க வைத்துக் கேட்டார்.

"எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"பெரட்டுத் தப்பு அடிக்க முன்னாடிங்க ஐயா." காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு எங்கள் தோட்டத்தில் அப்போதும் தப்பு அடித்துத்தான் அழைப்பார்கள்.

"மணி சொல்லுங்க."

"மணி தெரியாதுங்க. தப்பு அடிக்கல, அது தெரியும்."

"கையில கடிகாரம் இருக்கா?"

"இல்லீங்க."

அதிகாரி துண்டின் பிரதியைப் பார்த்தார். "இதுல பன்னண்டரைன்னு எழுதியிருக்கே."

கணேசன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எழுத்துக்கு முன்னால் தப்புச் சத்தம் எடுபடுமா? தாமதமாகக் கூட்டி வந்ததே காரணம் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். லயத்தில் கதை இரண்டு நாளில் பரவியது. பெண்டாட்டியை வலியில் போட்டுவிட்டு இவன் எங்கேயோ குடித்துக்கொண்டிருந்தான் என்றார்கள். அவர் குடிக்கிறவரே இல்லை. பெரகலையில் இருந்த ராஜேஸ்வரியின் அண்ணன் வந்து வாசலில் நின்றே திட்டிவிட்டுப் போனவர், பிறகு அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவில் காலடி வைக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மாதம் ஒருமுறை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக் காம்பராவில் கர்ப்பிணிகளுக்குக் கூட்டம் வைப்பேன். அங்கே நான் சொன்ன கதை எது என்று நினைக்கிறீர்கள்? "மேல்லயத்துல ஒருத்தர் பொஞ்சாதிய லேட்டா கூட்டிட்டு வந்தாரு, புள்ள போயிருச்சு. நீங்க அப்படிச் செய்யாதீங்க." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பல வருடங்கள் இதைச் சொன்னேன். ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது பாடமாகிவிடுகிறது, சொல்கிறவள் டீச்சராகிவிடுகிறாள்.

ராஜேஸ்வரிக்கு நாலு வருடம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அவள் என்னிடம் வரவில்லை. நாள் நெருங்கும் முன்பே பதுளைக்குப் போய், தெரிந்தவர்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். என்னை நம்பவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. பாருங்கள், கோபம் எனக்கு.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் தோட்டத்துப் பிரசவ அறைகளை மூடினார்கள். இனி எல்லோரும் பெரியாஸ்பத்திரிக்குத்தான். எனக்குப் பிள்ளைகளின் நிறை பார்க்கிற வேலையும் சத்துமா கொடுக்கிற வேலையும் மிஞ்சின. பழைய பதிவேடுகளை மூட்டை கட்டச் சொன்னார்கள். கட்டும்போது அந்தப் பக்கம் திறந்துகொண்டது. மை எல்லாம் மங்கியிருந்தது. சிவப்புப் புள்ளி மட்டும் அப்படியே இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை நான் அந்தப் பிள்ளைக்காக ஒருநாளும் அழுததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வருட அறுப்பின் பண்டிகையில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். காலியாக விட்ட கட்டம், போகவிட்ட லொறி, பொய் நேரம், எல்லாம்.  இனி யாரும் முகம் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். "எவ்வளவு தாழ்மையான சாட்சி" என்றார் போதகர். ஜெபமணி மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் சங்கத்தில் என்னைத் தலைவியாக்கினார்கள். கொலைக்குப் பக்கத்தில் போன ஒரு காரியத்தைச் சொன்னால், மாலை போடுகிறார்களே. அதைவிட மோசம், அந்த மாலை எனக்கு இனித்தது. வீட்டுக்கு நடந்து போகும்போது, நன்றாகச் சொன்னோம் என்று ஒரு நினைப்பு ஓடியது. நடுவழியில் நின்று என்னையே திட்டினேன். கணேசன் கும்பிடுவது மாரியம்மனை. அவர் இந்தக் கோயிலுக்குள் வந்ததே இல்லை. தப்புச் செய்தது லயத்தில், மன்னிப்புக் கேட்டது எனக்குத் தோத்திரம் சொல்கிறவர்களிடம்.

மறுநாள் மாலை மேல்லயத்துக்குப் போனேன். ராஜேஸ்வரி கொழுந்து எடுத்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா" என்றாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். அவள் துண்டால் முகத்தைத் துடைத்து முடித்தாள்.

"எனக்கு வலி வந்த நேரம் எனக்குத் தெரியாதாம்மா? நீங்க லொறியத் திருப்பி அனுப்புனதையும் நான் கட்டில்ல கிடந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னோமே. எழுத்துல வேற மாதிரி இருக்குன்னாங்க."

கணேசன் உள்ளேயிருந்து வந்தார். தலை நரைத்திருந்தது. நான் கை கூப்பினேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. நீங்க கூட்டத்துல சொன்னீங்க. கூட்டத்துலயே சொல்லுங்க."

"அண்ணனயும் வரச் சொல்றேன்" என்றாள் ராஜேஸ்வரி.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின ஒரு வாரம் போல ஒரு வாரம் எனக்கு வந்ததில்லை. கோயிலில் சொன்னது சுகமான வேலை. அங்கே என்னை நேசிக்கிறவர்கள் இருந்தார்கள். இங்கே என்னைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் நம்புகிறவர்களும்தான். ஜெபம் பண்ணினேன். வழக்கமாக என் ஜெபம் ஒரு அறிக்கை மாதிரி இருக்கும், செய்ததை எல்லாம் வரிசையாக வாசிப்பேன். அந்த வாரம் வாசிக்க ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, என்னால் முடியாது, நீர் கூட வாரும்" என்பதற்கு மேல் வரவில்லை.

பிள்ளைக் காம்பராவில் பாயில் கர்ப்பிணிகள் இருந்தார்கள், கதை கேள்விப்பட்ட மற்றப் பெண்கள் ஜன்னலோரம் நின்றார்கள். முன்னால் ஒரு நாற்காலியில் பெரகலை அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணேசன் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். நான் தொடங்கினேன்.

"இத்தன வருஷமா உங்களுக்கு ஒரு கதை சொன்னேன். அது பொய். கணேசன் லேட்டா கூட்டிட்டு வரல. பெரட்டு நேரத்துக்கே கூட்டிட்டு வந்துட்டாரு. லேட்டாக்குனது நான்..."

"பெரட்டு நேரத்துக்கு இல்லீங்க."

வாசலிலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கணேசன் சத்தத்தை உயர்த்தவில்லை.

"அதுக்கு முன்னாடி. தப்பு அடிக்கிறப்ப நான் அவள உங்ககிட்ட விட்டுட்டுத் திரும்பிப் போய்க்கிட்டிருந்தேன்."

 குற்றத்தை ஒப்புக்கொள்கிற இடத்திலும் என் நாக்கு அரை மணித்தியாலத்தைச் சுரண்டிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் பயங்கரம். மாற்றி எழுதின கை பழகிப்போய் நாக்கும் பழகிவிட்டது. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தது நான்தானே? ஆறு அடிக்கப் பத்து நிமிடம் என்று எனக்குத் தெரியாதா?

"ஆமா" என்றேன். "தப்பு அடிக்க முன்னாடி. ஆறு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்துச்சு. கணேசன் சொன்னதுதான் சரி. அன்னிக்கும் அதான் சொன்னாரு."

யாரும் தோத்திரம் சொல்லவில்லை. யாரும் கையைப் பிடிக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு இருந்த ஒருத்தி தன் பாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதுவும் நியாயம்தான். பெரகலை அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்து, எழுந்து, என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். கணேசனின் தோளில் கை வைத்தார்.

"வாங்க மச்சான், வீட்டுக்குப் போவோம்" என்றார்.

இருவரும் இறங்கிப் போனார்கள். ராஜேஸ்வரி பின்னால் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே கட்டிய மூட்டையை அவிழ்த்துப் பதிவேட்டை எடுத்தேன். பன்னிரண்டரையின் மேல் ஒரே கோடு போட்டு, ஐந்து ஐம்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேலிடத்துக்கும் கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. பெண்கள் சங்கத் தலைமையை விட்டுவிட்டேன். அதையும் தாழ்மை என்றார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

ஆனால் ஒன்று. அடுத்த அறுப்பின் பண்டிகையில் சாட்சி நேரத்தில் நான் எழும்பவில்லை. கடைசி பெஞ்சில், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஒரு தாய்க்கும் சுவருக்கும் நடுவில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இதை ராசியான கை என்றார்கள். ஆண்டவருக்கு முன்னால் அது வெறும் கை. பொய் எழுதின கை, அதைக் கழுவினதும் அவர்தான். எனக்கு அவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அவரும் என்னிடம் ஒன்றும் காட்டச் சொல்லவில்லை. இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருடம் அந்த வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருக்க மாட்டேன். இன்றும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறேன். சந்தோஷமாக இருக்கிறேன். எரிச்சல் மட்டும் போகவில்லை, அது பிறவிக் குணம்.

ஆகவே ஜெபமணி மாஸ்டர், உங்கள் அறிமுகத்தை வெட்டுங்கள். இதை வாசித்துவிட்டு யாராவது என்ன தாழ்மை என்று ஆரம்பித்தால் அவர்களை மேல்லயத்துக்கு அனுப்பிவிடுங்கள். கணேசன் அங்கேதான் இருக்கிறார். இன்றைக்கும் கையில் கடிகாரம் கட்டுவதில்லை. நேரத்தை அவரிடம் கேட்கட்டும்.